குளிசையும் அளவும்
கவனக்குறைபாடுள்ள பிள்ளைக்கு மருந்து கண்டறிதல் பற்றிச் சில குறிப்புகள்

ஊரில் ஒரு பிள்ளை ஓரிடத்தில் இருக்காவிட்டால், சொன்னதைக் காதில் வாங்காவிட்டால், 'குழப்படிகாரன்' என்று பெயர் வைத்தோம். மருந்து பிரம்பாக இருந்தது. இங்கு ஜேர்மனியில் அதே பிள்ளையைப் பரிசோதித்து 'ஆ.டே.ஹா.எஸ்.' என்று எழுதுகிறார்கள். கவனக்குறைபாடும் மிகைத்துடிப்பும் சேர்ந்த நிலை என்று தமிழில் சொல்லலாம். சிலருக்கு மருந்தும் எழுதப்படுகிறது.

இது குறித்து எமக்குள் நடக்கும் விவாதம் 'குளிசை கொடுக்கலாமா, கூடாதா' என்ற ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது. பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு அது 'விசர்க் குளிசை'. எமது வாசிப்பு வட்டங்களில் இருப்போர் பலருக்கு, பிள்ளையை வகுப்பறை ஒழுங்குக்குள் அடக்கும் அதிகாரத்தின் இரசாயனக் கருவி. ஆனால் மருந்துக்குச் சம்மதித்த குடும்பம் மாதக்கணக்காக அல்லாடுவது வேறொரு கேள்வியோடு: எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

சிறிது வரலாறு

அடங்கியிருக்க முடியாத பிள்ளை நேற்று வந்தவனல்ல. பிராங்பேர்ட் வைத்தியரான ஹைன்றிச் ஹொப்மன் 1840களில் எழுதிய சிறுவர் கதைகளில் கதிரையை ஆட்டி, மேசைவிரிப்போடு விழுகின்ற 'சப்பல் பிலிப்' வருகிறான். இன்றும் ஜேர்மனியர் இத்தகைய பிள்ளையை அப்பெயரால் அழைக்கிறார்கள்.

மருந்தின் கதை 1937இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் றோட் ஐலண்டில் சிறுவர் இல்லமொன்றின் வைத்தியர் சாள்ஸ் பிறட்லி, பரிசோதனையொன்றினால் ஏற்பட்ட தலையிடிக்காகப் பிள்ளைகளுக்கு பென்சட்றின் என்ற அம்பெற்றமின் வகை மருந்தைக் கொடுத்தார். தலையிடிக்குப் பெரிய பயன் இல்லை. ஆனால் 30 பிள்ளைகளில் 14 பேர் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினார்கள். 1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனியில் லெயாண்ட்றோ பனிற்சொன் மெதில்பெனிடேற் என்ற பொருளைத் தயாரித்தார். மனைவி றீற்றாவின் பெயரிலிருந்து அதற்கு 'றிட்டலின்' என்ற பெயர் வந்தது. இன்றும் ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கப்படும் மருந்து இதுவே.

இது மயக்க மருந்தல்ல. நரம்புக் கலங்களுக்கிடையே வெளிவிடப்படும் டோபமின், நோர்அட்றினலின் ஆகியவை உடனே திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. கவனத்தைப் பிடித்துவைக்கும், செயலை ஒரு கணம் நிறுத்தி யோசிக்கவைக்கும் மூளைப்பகுதிகள் இதனால் நன்றாக இயங்குகின்றன. ஆகவே, மருந்து எடுத்த பிள்ளை தூங்கிவழிந்தால் அல்லது உணர்ச்சியற்று ஒரு மூலையில் இருந்தால், அதனை மருந்து 'வேலை செய்கிறது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அளவு கூடிவிட்டது என்பதே அதன் பொருள்.

அளவு ஏன் முன்கூட்டித் தெரியாது

காய்ச்சல் மருந்தைப் பிள்ளையின் நிறையைப் பார்த்துக் கொடுக்கிறோம். மெதில்பெனிடேற்றில் நிறை நல்ல வழிகாட்டி அல்ல. 25 கிலோ பிள்ளைக்கு 30 மில்லிகிராம் தேவைப்படலாம். 45 கிலோ பிள்ளைக்கு 15 போதுமாகலாம். எனவே வைத்தியர் 5 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்கி, கிழமைக்கு ஒரு படியாக 5 அல்லது 10 கூட்டிப் பார்க்கிறார். பிள்ளைகளுக்கு வழமையான உச்ச வரம்பு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம். பயன் தெளிவாகவும் பக்கவிளைவு தாங்கக்கூடியதாகவும் உள்ள இடத்தில் நிறுத்தப்படும்.

இது ஒரு பரிசோதனை. பரிசோதனைக்குரிய ஒழுங்கு இதற்கும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பிள்ளை புதுப் பாடசாலைக்கு மாறும் கிழமையில் அளவையும் மாற்றினால், எது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஒழுங்கின் பெறுமதியை 1999இல் வெளியான, 579 பிள்ளைகள் பங்குபற்றிய அமெரிக்க ஆய்வொன்று (எம்.ரி.ஏ. ஆய்வு) காட்டியது. மருந்துச் சிகிச்சைக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு முதல் 28 நாட்கள் வெவ்வேறு அளவுகளும் வெறும் போலிக்குளிசையும் மாறிமாறிக் கொடுக்கப்பட்டன. எந்த நாளில் எது என்பது பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ தெரியாது. அதன்பின் மாதாமாதம் கவனித்தார்கள். 14 மாத முடிவில், சாதாரண வைத்தியரிடம் சென்ற பிள்ளைகளைவிட இவர்களின் குறிகள் நன்கு குறைந்திருந்தன. சாதாரண வைத்தியரிடம் சென்றவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மருந்து எடுத்தவர்களே. குளிசை இரு பக்கமும் இருந்தது. அளவும் கவனிப்புமே வேறுபட்டன. கவனிப்பு நின்றபின், மூன்றாவது ஆண்டில் இந்த வேறுபாடு மறைந்துபோனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு பிள்ளை, இரண்டு சாட்சிகள்

சாதாரண மெதில்பெனிடேற் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். நீடித்து வேலை செய்யும் வகைகள் உண்டு. மெடிகினெற் றிற்றாட் பாதியை உடனும் பாதியைப் பின்னரும் வெளிவிடும். ஆறு முதல் எட்டு மணி நேரம். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். கொன்சேற்றா 22 வீதத்தை உடனும் மீதியை மெதுவாகவும் வெளிவிடும். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம். அதன் வெற்றுக்கூடு மலத்தோடு வெளியேறும். மருந்து சமிக்கவில்லை என்று பயப்படத் தேவையில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. ஆசிரியை பிள்ளையைக் காண்பது மருந்து உள்ள நேரத்தில். பின்நேர வேலை முடிந்தோ அதிகாலை வேலைக்கு முன்னரோ பிள்ளையைக் காணும் தகப்பன் மருந்து இல்லாத பிள்ளையையே காண்கிறார். போதாததற்கு, மருந்து இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகள் வழமையைவிடக் கூடுதலாகச் சினந்து அழுவதுண்டு. 'நல்ல முன்னேற்றம்' என்று ஆசிரியை எழுதுகிறார். 'குளிசை பிள்ளையைக் கெடுக்குது' என்று தகப்பன் நிறுத்துகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் கண்டது இரண்டு வேறு நேரங்களை.

மறுபுறமும் நடக்கும். காலை ஏழு மணிக்குக் கொடுத்தது பதினொரு மணிக்கு முடிந்துவிட, 'பயனில்லை' என்று பாடசாலையிலிருந்து முறைப்பாடு வருகிறது. இங்கு அளவைக் கூட்டுவது பிழையான பதிலாகலாம். தேவைப்படுவது நீடித்த வகையோ இரண்டாவது வேளையோ. ஆகவே குறித்துவைக்க வேண்டியது 'நல்லம்', 'கூடாது' என்பதையல்ல, மணித்தியாலத்தை: எத்தனை மணிக்குக் கொடுத்தது, எப்போது மாற்றம் தெரிந்தது, எப்போது மறைந்தது, என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்கு நித்திரையானான். ஒரு அப்பியாசக்கொப்பி போதும்.

நேரத்தையும் அளவையும் சரிபார்த்த பின்னரே மருந்தை மாற்றும் கேள்வி எழும். பத்தில் ஏழு பிள்ளைகளளவில் மெதில்பெனிடேற்றுக்கு நல்ல பதில் காட்டுகிறார்கள். மற்றவர்களுக்கு லிஸ்டெக்ஸ்அம்பெற்றமின் பார்க்கப்படும். இது நாள் முழுதும் வேலை செய்யும். அற்றொமொக்செற்றின் வேறு வகை. அதன் அளவு நிறையைப் பொறுத்தது. முழுப்பயன் தெரிய நான்கு முதல் ஆறு கிழமைகளோ அதற்கு மேலோ ஆகும். மூன்றாம் நாளில் 'ஒன்றுமில்லை' என்று நிறுத்துவது அதைச் சோதித்ததாகாது. குவான்பசின் நித்திரைத் தூக்கத்தையும் குருதி அமுக்கக் குறைவையும் தரலாம். அதைத் திடீரென நிறுத்தக்கூடாது.

பசியின்மையும் நித்திரை பிந்துவதும் மெதில்பெனிடேற்றின் பொதுவான பக்கவிளைவுகள். மதியப் பெட்டி திறக்காமல் திரும்பி வந்தால் பிள்ளையோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. குளிசைக்கு முன் நல்ல காலைச் சாப்பாடும், மருந்து இறங்கியபின் இரவுச் சாப்பாடும் கொடுக்கலாம். உயரம், நிறை, நாடித்துடிப்பு, குருதி அமுக்கம் ஆகியவை தொடர்ந்து அளக்கப்பட வேண்டும். குடும்பத்தில் இளவயதில் இருதய நோயோ திடீர் மரணமோ இருந்தால் தொடங்குமுன் சொல்ல வேண்டும். மெதில்பெனிடேற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்திப் பார்த்து, இன்னும் தேவையா என்று தீர்மானிக்க வேண்டுமென 2009இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் கூறியது. இதைக் கேட்பது பெற்றோரின் உரிமை.

மெதில்பெனிடேற் ஜேர்மனியில் போதைப்பொருட் சட்டத்தின் கீழ் வருகிறது. மருந்துச்சீட்டுக்குத் தனி விதிகள் உண்டு. ஏழு நாட்களுக்குள் மருந்தை எடுக்க வேண்டும். விடுமுறைக்குப் பாரிசுக்கோ சூரிச்சுக்கோ போகையில் செங்கன் நாடுகளுக்கான அத்தாட்சிப் படிவம் வேண்டும். செங்கனுக்கு வெளியே அது செல்லாது. போகும் நாட்டின் விதியை முன்கூட்டி விசாரிக்க வேண்டும்.

மொழிபெயர்க்கும் பிள்ளை

அளவு கண்டறிதல் முழுவதும் அவதானிப்பில் தங்கியிருக்கிறது. அவதானிப்போ மொழியில் தங்கியிருக்கிறது. எமது குடும்பங்களில் வைத்தியருக்கும் தாய்க்குமிடையே மொழிபெயர்ப்பவன் பல வேளைகளில் அதே பிள்ளைதான், அல்லது அவனது அக்கா. தன்னைப் பற்றிய குறையை எந்தப் பிள்ளை முழுதாக மொழிபெயர்க்கும்? 'நெஞ்சு படபடக்குது' என்பதை டொச்சில் சொல்லத் தெரியாத பிள்ளை, 'ஆலெஸ் கூட்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறது. வயதுவந்த ஒருவரை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்வது, மருந்தின் அளவோடு நேரடியாகத் தொடர்புபட்ட விடயம்.

அதிகாரக் கருவி என்ற விமர்சனத்துக்கு வருவோம். அதில் உண்மை உண்டு. வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் கூடுதலாகச் சூட்டப்படுவதை ஜேர்மனியிலும் வேறு நாடுகளிலும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கே சில பிள்ளைகளின் இளவயதே நோயாகக் கணிக்கப்படுகிறது. யுத்தத்தின் நினைவுகளோடும் நித்திரையில்லாத இரவுகளோடும் வாழும் வீட்டின் பிள்ளையும் வகுப்பில் கவனமின்றி இருக்கும். அதனால்தான் குறிகள் 12 வயதுக்கு முன்பே, வீடு, பாடசாலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று விமர்சகர் கேட்கட்டும். ஆனால் அது நிறைவேறிய பிள்ளையிடம், படிக்க விரும்பியும் ஒரு பந்தியை முடிக்க முடியாமல் தன்னை மொக்கு என்று நம்பத் தொடங்கிவிட்ட பிள்ளையிடம், எமது தத்துவம் எதைக் கொடுக்கிறது?

மருந்தை மறுப்போர் பிள்ளையைப் பார்க்காமலே மறுக்கலாம். மருந்தைக் கண்மூடி விழுங்கவைப்போரும் பிள்ளையைப் பார்ப்பதில்லை. சரியான அளவைத் தேடும் பெற்றோர்தான் மணிக்கு மணி பிள்ளையைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. அந்தக் கொப்பிகளில் உள்ளவை எமது சமூகத்துக்குள் பகிரப்பட வேண்டும். இதே பக்கங்களில் மறுப்புகளும் அனுபவங்களும் வரட்டும்.