மொட்டை மாடியில் ஒரு கம்பம்

நம் பட்டணங்களில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்று நாலு திக்கும் பார்த்தாலும், துருப்பிடித்த குழாய் ஒன்று கொஞ்சம் சாய்ந்தாற்போல் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். அதன் உச்சியில் மீன் முள்ளைப் போல அலுமினியக் குச்சிகள்; அவற்றில் பாதி எப்போதோ உதிர்ந்து போயிருக்கும். மிச்சமுள்ள குச்சியில் ஒரு காக்கை. குழாயின் இடுப்பிலிருந்து எதிர்ச் சுவர் வரையில் துணி உலர்த்தும் கொடி. வீட்டுக்காரரைக் கேட்டால், "அதுவா? அது பாட்டுக்கு நிற்கிறது!" என்பார். அது பாட்டுக்கு நிற்கவில்லை என்பதும், அதை நிற்க வைத்திருப்பது இரண்டு துருவேறிய ஆணிகளும் தெய்வ கடாக்ஷமுந்தான் என்பதும் அவருக்குத் தெரியாது.

சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் வருஷம் ஜூன் 16-ந் தேதி ஆரம்பமானபோது, வசதியுள்ள வீடுகளின் மேலே இரண்டு மூங்கில்களை நட்டு அவற்றுக்கிடையே செப்புக் கம்பி கட்டினார்கள். அதற்கு 'ஏரியல்' என்று பெயர். 1975 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னைக்கு டெலிவிஷன் வந்தது. மூங்கில் போய் இரும்புக் குழாய் வந்தது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, நம் கீழைக் கடற்கரை ஊர்களில் குழாயின் மேல் குழாய் வைத்து உயர்த்தும் போட்டியே நடந்தது எனலாம். பிறகு தெருவுக்குத் தெரு கேபிளும், வீட்டுக்கு வீடு தட்டு ஏரியலும் வந்து சேர்ந்தன. தூர்தர்ஷனின் பழைய ஒளிபரப்புக் கோபுரங்கள் 2022-க்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. ஆனால் கம்பங்களுக்கு வேலை போய்விடவில்லை. அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு அவை வேண்டும். தந்தி வடம் எட்டாத கிராமத்தில் இன்டர்நெட்டைக் காற்று வழியாக வாங்குகிறவர்களுக்கும் வேண்டும்.

வானொலி பெரிய சாஸ்திரம், கம்பம் நடுவது கொத்தனார் சமாசாரம் என்று நாம் சுலபமாக நினைத்துவிடுகிறோம். மார்க்கோனியே இந்தச் 'சில்லறை' விஷயத்தில் அகப்பட்டுக்கொண்டு விழித்தவர்தான். 1901-ல் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் அக்கரைக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்புவதற்காக, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் போல்தூ என்னுமிடத்தில் ஒவ்வொன்றும் 200 அடி உயரமுள்ள இருபது கம்பங்களை வட்டமாக நிறுத்தினார். கம்பங்களின் உச்சிகளை ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்திருந்தார்கள். பார்வைக்கு வெகு பலமான ஏற்பாடு! ஒன்று சாய்ந்தால் அது அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகுமே என்ற யோசனை மட்டும் போதவில்லை. விவியன் என்ற எஞ்சினீயர் முன்னமே ஆட்சேபித்திருந்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. செப்டம்பர் 17-ந் தேதி அடித்த புயலில் கம்பங்கள் சரிந்து பாழாயின. அமெரிக்காவில் கேப் காட் கடற்கரையில் இதே மாதிரி நிறுத்தியிருந்தவையும் நவம்பரில் விழுந்தன. டிசம்பர் 12-ந் தேதி நியூபவுண்ட்லாந்தில் அவர் அந்தப் பிரசித்தமான சமிக்ஞையைக் கேட்டபோது, அவருடைய ஏரியலைத் தூக்கிப் பிடித்திருந்தது கம்பமன்று, ஒரு காற்றாடி!

காற்றை நாம் குறைவாக மதிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலமும் இரண்டு மடங்காகும் என்று நம் மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது. அப்படியன்று, நாலு மடங்காகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய ஏழரைக் கிலோ எடையளவு அழுத்துகிறது. 80 கிலோமீட்டரில் 30 கிலோ. 160-ல் 120 கிலோ. நம் நாட்டுக் கட்டட நியமங்கள் சென்னைக்குக் குறித்திருக்கும் அடிப்படை வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் சுமார் 140. 2016 டிசம்பர் 12-ந் தேதி வந்த வர்தாப் புயலைச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே கம்பத்தை எதில் பிடித்துக் கட்டுவது என்பதே முதல் கேள்வி. பெரும்பாலோர் கைப்பிடிச் சுவரைத்தான் நாடுகிறார்கள். கைக்கு எட்டுகிறது, ஏணி வேண்டாம் என்ற சௌகரியந்தான் காரணம். ஆனால் அநேக வீடுகளில் அந்தச் சுவர் நாலரை அங்குலச் சுவர். குழந்தைகள் எட்டிப் பார்த்து விழாமலிருக்கக் கட்டியது. நெம்புகோல் இழுப்பைத் தாங்குவதற்காக அதைக் கட்டவில்லை. மாடிப்படி அறையின் ஒன்பது அங்குலச் சுவரே இதற்குத் தகுந்தது. அதிலும் பூச்சில் ஆணி அடித்தால் போதாது. சுவரை ஊடுருவி போல்ட் செலுத்தி, உட்புறத்தில் இரும்புத் தகடு வைத்து முடுக்க வேண்டும்.

சுவரில் குழாயைப் பிடிக்கும் இரண்டு கிளாம்புகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். வகுப்பில் நெம்புகோல் பாடம் நடத்தும்போது பையன்கள் கொட்டாவி விடுகிறார்கள். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். மேல் கிளாம்புக்கு மேலே குழாய் 12 அடி நீண்டிருக்கிறது, அதன் உச்சியில் காற்று 20 கிலோ பலத்துடன் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளாம்புகளின் இடைவெளி ஒன்றரை அடியானால், மேல் கிளாம்பு 180 கிலோ இழுப்பைத் தாங்கவேண்டும். இடைவெளியை மூன்று அடியாக்கினால் 100 கிலோ போதும். கூடுதல் செலவு ஒரு காசு கிடையாது. கொஞ்சம் கீழே தள்ளித் துளை போடுவதுதான்!

இதற்கு மேலும் உயரம் வேண்டுமானால் ஸ்டே கம்பிகள் இல்லாமல் முடியாது. மூன்று கம்பிகளை வட்டத்தை மூன்றாகப் பங்கிட்டாற்போல் மூன்று திக்கில் இழுத்துக் கட்டுவது வழக்கம். இடம் குறுகல் என்பதற்காகக் கம்பிகளைக் கம்பத்தின் காலடியிலேயே கொண்டுவந்து முடிந்துவிடுவதை எங்கும் பார்க்கிறோம். இதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. பதினாறு அடி உயரத்தில் கட்டிய கம்பியைப் பன்னிரண்டு அடி தள்ளி முடிந்தால், பக்கவாட்டில் 60 கிலோ தள்ளும் காற்றைத் தாங்க அந்தக் கம்பியில் 100 கிலோ இழுப்பு ஏற்படும். கம்பத்தைக் கீழே அழுத்துவது 80 கிலோ. அதே கம்பியை நாலே அடி தள்ளி முடிந்தாலோ, இழுப்பு ஏறக்குறைய 250 கிலோ, அழுத்தம் 240 கிலோ! காற்று என்னவோ அதே காற்றுதான். குழாய் நடுவில் வளைந்து மடங்குவது பெரும்பாலும் இதனால்தான். கம்பியை இறுக்குவதற்கு முறுக்காணி வைத்துக்கொள்ளலாம். வீணைத் தந்திபோல் 'டங்' என்று ஒலிக்கும் வரையில் முறுக்குவது சாமர்த்தியமல்ல. கம்பம் நேராக நின்று, கம்பி தொய்யாமலிருந்தால் போதும்.

இவ்வளவு பாரமும் கடைசியில் எங்கே போய் இறங்குகிறது? தளத்தின் மேல்! நம் பழைய வீடுகளின் தளம் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, மேலே தட்டோடு பதித்தது. குழாயின் வாய் அதில் நேரே ஊன்றினால் ஓடு விரிசல் காணும். ஐப்பசி மாதத்தில் படுக்கையறையில் பாத்திரம் வைக்கவேண்டி வரும். குழாய்க்கு அடியில் அகலமான தகடு வேண்டும். அந்த இடத்துக்கு நேர் கீழே சுவர் ஒன்று இருந்தால் மிகவும் உத்தமம். குழாயின் மேல் வாயை மூடி, அடியில் சிறு துளை விடவேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே தேங்கி, வெளியே வர்ணம் பளபளக்கும்போதே உள்ளே அரித்துவிடும். நாகம் பூசிய குழாயில் பற்றவைத்த இடமும் அப்படியே. சூட்டில் பூச்சு கருகிப் போவதால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கிறது. ஏரியலிலிருந்து வரும் வடம் வீட்டுக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்னலைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியாது. ஓர் இடியில் முப்பதாயிரம் ஆம்பியர் பாய்வது சாதாரணம். கம்பத்திலிருந்து தடித்த செப்புக் கம்பியைச் சுவரின் வெளிப்புறமாக, கூர்மையான திருப்பங்களின்றி நேரே இறக்கி, பூமியில் புதைத்து, வீட்டின் மின்சார 'எர்த்'துடனும் சேர்த்து இணைக்கவேண்டும். தனியாக விட்டுவிட்டால் இரண்டு பூமி இணைப்புகளுக்கும் நடுவே மின்னழுத்தம் ஏறி, அது வீட்டுக்குள்ளே தாவ வழி தேடும். இவ்வளவு செய்தும் இடி நேரே விழுந்தால் பெட்டிக்குப் பூரண பாதுகாப்பு என்று யாரும் சொல்ல முடியாது. மேகம் கறுக்கும்போதே வடத்தைக் கழற்றிவிடுவது நல்லது.

ஆனால் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் மின்னலன்று; தெருவில் போகும் மின்சாரக் கம்பிதான். இருபது அடிக் குழாயை இரண்டு பேர் நிமிர்த்தும்போது, அது ஒரு கணம் கைமீறிச் சாய்ந்தால் எங்கே போய்த் தொடும் என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பத்தின் முழு நீளத்தோடு இன்னும் பாதி நீளம் சேர்த்து, அந்தத் தூரத்துக்குள் மின்கம்பி எதுவும் இருக்கலாகாது. இருந்தால் வேறு இடம் பார்ப்பதே வழி. மின்சார இலாகாவுக்குச் சொல்லி லைனை நிறுத்திய பிறகு வேலை செய்யலாம் என்றாலும், பின்னொரு நாள் புயலில் அது விழப்போவது அதே கம்பியின் மேல்தானே?

நிற்க, மாடியில் ஏற்கனவே நிற்கும் பழைய கம்பத்துக்கு வருவோம். ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள், காற்றில்லாத காலை வேளையில், அதை இறக்கிவிடலாம். முதலில் துணிக் கொடியை அவிழ்த்து, குழந்தைகளைக் கீழே அனுப்பிவிட வேண்டும். அடியில் துரு எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்று சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும். குழாயின் மேல் பாகத்தில் எட்டும் வரையில் இரண்டு நல்ல கயிறுகளைக் கட்டி, ஆளுக்கொரு திசையில் இருவர் பிடித்துக்கொள்ளட்டும். மூன்றாமவர் குழாயின் அடியில் நிற்கட்டும். அதன் பிறகே ஸ்டே கம்பிகளை அவிழ்க்கலாம். அவற்றில் சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் இருப்பதைக் கடைசியாகத்தான் அவிழ்க்கவேண்டும். சுவரில் மிஞ்சும் துளைகளைச் சிமிட்டி வைத்து அன்றைக்கே அடைத்துவிடுவது நல்லது.