மேல்தொட்டி ஏன் வழிகிறது?

சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் பக்கம் விடியற்காலையில் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டில் மேல்தொட்டி வழிந்து சன்ஷேடில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். கீழே சம்ப், ஓரமாக ஒரு போர், மாடியில் கறுப்பு டேங்க்: தாம்பரத்துத் தனி வீடுகள் பலவும் இப்படித்தான். மோட்டார் போட்டவர் மறந்துவிட்டால் வழிவதில் அதிசயம் இல்லை. மறதியே இல்லாத ஒரு மின்னணுக் கருவியை மாட்டிய வீட்டிலும் வழிகிறதே, அதுதான் அதிசயம். ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்டுயினோ பலகையும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி எடுத்த ரிலேயும் வைத்து வீட்டுப் பிள்ளை செய்த கருவி, சில வாரம் சமர்த்தாக ஓடும். பிறகு ஒரு நாள் டேங்க் நிரம்பியும் மோட்டார் நிற்காது.

பிள்ளை உடனே புரோகிராமைத் திறந்து பார்ப்பான். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. டேங்கில் தொங்கவிட்ட இரண்டு தாமிரக் கம்பிகளில் இருக்கும். தண்ணீர் இரண்டையும் தொட்டால் மின்சாரம் பாயும், இறங்கிவிட்டால் பாயாது என்பது ஏற்பாடு. வெறும் 5 வோல்ட். இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 1800இல் லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் மின்கலத்தின் கம்பிகளைத் தண்ணீரில் விட்டு வாயுக் குமிழிகளைக் கண்டார்களே, அந்த மின்னாற்பகுப்பு இங்கே இரவும் பகலும் ஓசையில்லாமல் நடக்கிறது. நேர்முனைக் கம்பியின் தாமிரம் அயனிகளாகக் கரைகிறது. கம்பி பச்சை பூத்து மெலிகிறது. எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழ் கிளம்ப, அதைச் சுற்றியுள்ள நீர் காரமாகிறது. அந்தக் காரத்தில் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்து கம்பிக்கு உறை போட்டுவிடுகிறது.

நம் பக்கத்து போர் தண்ணீர் இதற்கு ரொம்பத் தோது. பல்லாவரம் குன்றுகள் சார்னோகைட் பாறை. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை என்பதால், 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். இறுகிய பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் நிற்கும். நின்ற நேரத்தில் கரைத்துக்கொண்ட உப்புகள் பக்கெட் விளிம்பில் வெள்ளைக் கறையாகத் தெரியும். அதே கறைதான் சென்சாரிலும்.

ஒரு கம்பி கரைந்தாலும், இன்னொன்று உறை போர்த்திக்கொண்டாலும், நடுவழியில் எலி வயரைக் கடித்தாலும் கீழே இருக்கும் கருவிக்கு வரும் சேதி ஒன்றுதான்: மின்சாரம் இல்லை. கருவி அதை ‘தண்ணீர் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டுகிறது. அதற்கு மௌனம் சம்மதம். எவர்சில்வர் கம்பி போட்டு, எப்போதும் மின்சாரம் விடாமல் அளக்கும் நொடியில் மட்டும் விட்டு, ஒவ்வொரு முறையும் திசையை மாற்றினால் அரிப்பு வெகுவாகக் குறையும். செய்ய வேண்டியதுதான். ஆனால் மௌனத்துக்கு என்ன பொருள் கொள்வது என்ற தப்பு அப்படியே இருக்கிறது.

இந்தத் தப்பை ரயில்வேக்காரர்கள் எப்போதோ திருத்திவிட்டார்கள். 1872இல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் தண்டவாளங்களையே சென்சாராக்கினார். இரண்டு தண்டவாளங்களின் வழியாகச் சிறு மின்சாரம் எப்போதும் ஓடி, மறுமுனையில் ஒரு ரிலேயை இழுத்துப் பிடித்திருக்கும். ரயில் வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் குறுக்குப் பாதையாகிவிடும். ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். அழகு எங்கே என்றால், பேட்டரி தீர்ந்தாலும் வயர் அறுந்தாலும் ரிலே விழத்தான் செய்யும். வழியைத் திறக்க மின்சாரம் வேண்டும், மறிக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் ரயில் நிற்கும்.

டேங்குக்கும் இதைச் செய்யலாம். 1936இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய ரீட் ஸ்விட்ச், கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்த இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள்தான். காந்தம் அருகில் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் இந்தக் குழாய். தண்ணீர் உலோகத்தைத் தொடுவதே இல்லை. கடையில் கிடைக்கும் சிறிய மிதவை ஸ்விட்சுகள் பலவற்றில் மிதவையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் வேலையும் தலைகீழாகும்: இடமிருக்கும்வரை மூடியிருந்து, நிரம்பியதும் திறக்கும். இப்போது வயர் அறுந்தால் மோட்டார் ஓடாது. குழாயில் காற்று வந்தால் வீட்டில் யாராவது மாடியேறிப் பார்ப்பார்கள். வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லும்வரை தெரியாது. (ஒலி எதிரொலியால் அளக்கும் சென்சார் நவீனமாகத் தெரியலாம். ஆனால் ஒலியின் வேகம் வெப்பத்தோடு கூடும். சித்திரை வெயிலில் டேங்குக்குள் 45 டிகிரி இருந்தால், 20 டிகிரிக்குக் கணக்கு வைத்த கருவி ஒரு மீட்டரில் நான்கு சென்டிமீட்டர் பிசகும். மூடியில் சேரும் ஈரம் வேறு தொல்லை.)

மாடியிலிருந்து வரும் வயரை மோட்டார் வயரோடு ஒரே பைப்பில் விட்டால் பேய்க் கோளாறு ஆரம்பிக்கும். ஆர்டுயினோவின் உள்ளீட்டுக் காலின் மின்தடை கோடிக்கணக்கான ஓம். எதோடும் சேராமல் தொங்கினால் பக்கத்து வயரின் 50 ஹெர்ட்ஸ் அலையையே சேதியாக வாங்கிக்கொள்ளும். கை கிட்டே போனாலே எண் மாறும். ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டினால் பேய் ஓடிவிடும். காசு செலவே இல்லாத வைத்தியம். இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

அடுத்தது ரிலே. நீலப் பெட்டி ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் எடுக்கிறது, போதுமே என்று தோன்றும். அந்த 10, பல்பு, ஹீட்டர் போன்ற சாதுக்களுக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும் கணத்தில் இதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகளும் ஒரே தட்டில் ஒட்டுவதில்லை. சில மில்லி நொடிகள் குதித்துக் குதித்துத்தான் அமரும். ஒவ்வொரு குதிப்பிலும் பொறி பறந்து உலோகம் உருகுகிறது, உருகிய இடத்திலேயே மறுபடி அமர்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெல்டிங். அணைக்கும்போது கெடுகிறது என்று நாம் நினைக்க, ஒட்டிக்கொள்வதோ பெரும்பாலும் போடும்போது. அதன்பின் சென்சாரும் புரோகிராமும் எவ்வளவு சொன்னாலும் மோட்டார் நிற்காது. சின்ன ரிலே, கான்டாக்டர் என்ற பெரிய ஸ்விட்சை இயக்கட்டும். மோட்டாரின் சுமையை கான்டாக்டர் தாங்கட்டும். சந்தேகமிருந்தால் மோட்டாருக்குப் பதில் பழைய குண்டு பல்பை மாட்டிப் பாருங்கள். பல்பு ஒழுங்காக எரிந்து அணைந்தால் புரோகிராமைத் திட்ட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே சுற்றாமல் நிற்பதும் உண்டு. ஒற்றை ஃபேஸ் மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலம் சுழல்வதில்லை, துடிக்கிறது. அந்தத் துடிப்பை, எதிரெதிர் திசையில் சுழலும் இரண்டு சமமான புலங்களின் கூட்டாகப் பார்க்கலாம். இருபுறமும் சம பலத்தில் வடம் பிடித்தால் தேர் நகருமா? ஒரு பக்கத்தைத் தூக்கிவிடத்தான் கண்டன்சர்: இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் காலத்தில் சற்று நகர்த்தி, புலத்தைச் சுழல வைக்கிறது. சுழலும் புலத்தை 1885இல் டூரினில் கலிலியோ ஃபெராரிஸ் செய்து காட்டினார். டெஸ்லா 1888இல் காப்புரிமை வாங்கினார்.

கண்டன்சர் சாகும் விதமும் விசித்திரம். உள்ளே பிளாஸ்டிக் படலத்தின் மேல் உலோகம் மெலிதாகப் பூசியிருக்கும். எங்காவது ஓட்டை விழுந்தால், அதைச் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகி ஓட்டை தானே ஆறிவிடும். ஒவ்வொரு ஆறுதலுக்கும் கொஞ்சம் பரப்பு போகிறது, கொள்ளளவு குறைகிறது. பழைய சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கும் பல நேரம் இதுவே காரணம். மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணையே வாங்குங்கள். மெயினை அணைத்த பிறகும் கண்டன்சருக்குள் மின்னூட்டம் நிற்கும். இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டரை வைத்து அதை வடியவிட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும்.