பித்தளை விலையா, பவுன் விலையா? பரணில் தூங்கும் சாக்சபோன்!

"என்னம்மா இது, நசுங்கிப் போன பித்தளை. கிலோ கணக்குல வேணா எடுத்துக்கிறேன்."

பழைய சாமான் வியாபாரி இப்படித்தான் ஆரம்பிப்பார். பேண்டு வாசித்த தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருக்கும். வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டி இறங்கும். திறந்தால் வளைந்த கழுத்தும் அகன்ற வாயுமாக ஒரு சாக்சபோன்! ஆல்டோ வகை என்றால் எடை சுமார் இரண்டரை கிலோ. பித்தளை விலைக்குப் போட்டால் ஒரு வாரக் காய்கறிச் செலவுக்குக் காணும்.

அதுவே பாரிஸ் 'செல்மர்' கம்பெனியின் 'மார்க் சிக்ஸ்' ஆக இருந்தால்? பல ஆயிரம் டாலர்! ஒரு கல்யாணக் கடன் அடையும்.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதுகைத் திருப்பிப் பாருங்கள்

வாசிப்பவர் வலது கட்டை விரலை வைக்க ஒரு கொக்கி இருக்கும். பெரும்பாலும் அதற்குக் கீழே குழாயின் முதுகில் ஒரு நம்பர் வெட்டியிருப்பார்கள். அதுதான் வாத்தியத்தின் ஜாதகம். கம்பெனிகளின் நம்பர் பட்டியலோடு ஒப்பிட்டால் பிறந்த வருஷம் தெரிந்துவிடும். 'மார்க் சிக்ஸ்' 1954-ல் வந்தது. நம்பர் சுமார் 55 ஆயிரத்தில் தொடங்கி, ஆல்டோ, டெனார் வகைகளில் 1974 வாக்கில் 2 லட்சத்து 20 ஆயிரத்தை எட்டி நின்றது. இதில் ஐந்து இலக்க நம்பர் என்றால் கிராக்கி அதிகம். ஆறு இலக்கம் சத்தத்தில் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று வாசிக்கிறவர்களே சொல்வதுண்டு. ஆனாலும் சந்தை கேட்பதில்லை. கார் நம்பருக்கு ஆசைப்படுகிற மாதிரிதான்!

1914 - ஏமாற்றும் தேதி

பழைய அமெரிக்க சாக்சபோன்களில் அதிகம் கண்ணில் படுவது 'கான்'. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் ஊர் சரக்கு. பல 'கான்'களில் நம்பருக்குப் பக்கத்தில் '1914 டிசம்பர் 8' என்று ஒரு தேதியும், 1119954 என்று ஒரு எண்ணும் இருக்கும். "ஆஹா, நூறு வருஷத்துக்கு மேலே!" என்று வீட்டில் துள்ளிக் குதிப்பார்கள்.

துள்ள வேண்டாம். அது வாத்தியம் பிறந்த தேதி அல்ல. ஒரு காப்புரிமை தேதி. குழாயில் ஓட்டை போட்டுத் தனி வளையம் வைத்துப் பற்றவைப்பது பழைய முறை. அப்படி இல்லாமல், குழாயின் உலோகத்தையே வெளியே இழுத்து ஓட்டைக்கு விளிம்பு எடுக்கும் வித்தைக்கு வாங்கிய காப்புரிமை அது. அதற்குப் பிறகு பல வருஷம் இதே தேதியைக் குத்திக்கொண்டே இருந்தார்கள். 1925-ல் செய்ததிலும் 1914 என்றுதான் இருக்கும். பக்கத்தில் உள்ள மற்றொரு நம்பரைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு எழுத்தும் முக்கியம். 'எல்' என்று இருந்தால் தாழ்ந்த சுருதி. "தாழ்ந்ததா?" என்று முகம் சுளிக்காதீர்கள். இன்று உலகம் முழுக்க வாசிப்பது அந்தச் சுருதியில்தான். 'எச்' என்று இருந்தால்தான் வம்பு. அது அந்தக் காலத்து உயர்ந்த சுருதி. ஒரு ஸ்வரஸ்தானத்தில் பாதிக்கு மேல் ஏறி நிற்கும். பியானோவோடும் சேராது, ஆர்கனோடும் சேராது. எவ்வளவு பளபளத்தாலும் அலமாரி அலங்காரம்தான்.

'டெனார்' மாதிரி ஒரு 'சி'

1920-களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு சாக்சபோன் மோகம். பியானோ நோட்டை அப்படியே பார்த்து வாசிக்கலாம் என்பதால் 'சி மெலடி' என்ற வகை எக்கச்சக்கமாக விற்றது. அந்த மோகம் 1929 பொருளாதாரச் சரிவோடு போயிற்று. பார்வைக்குச் சின்ன டெனார் மாதிரி இருக்கும். டெனார் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். இதற்கு விலை குறைவு. பழுது பார்க்கும் கூலி வாத்தியத்தின் விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு!

கம்பெனி பெயரே கேள்விப்படாததாக இருக்கிறதா? பெரிய தொழிற்சாலைகள், கடைக்காரர்கள் கேட்ட பெயரைப் பொறித்துத் தந்த சரக்காக இருக்கலாம். தாய்வீடு நல்லதுதான், ஆனால் விலை ஒரு படி கீழே.

புளி போட்டுத் தேய்க்காதீங்க!

கறுத்துக் கிடக்கிறதே என்று குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிட வேண்டாம். கறுப்பு வெள்ளி முலாமின் கறையாக இருக்கலாம். 1920-களில் வெள்ளி முலாம் சர்வ சாதாரணம். மேலும் கீ-களுக்கு அடியில் தோல் போர்த்திய மெத்தைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. தண்ணீர் பட்டால் போச்சு.

இதைவிடப் பெரிய பாவம், பட்டறையில் கொடுத்து மெருகேற்றிப் புது வார்னிஷ் அடிப்பது. மெருகுச் சக்கரம் பூவேலையைத் தேய்த்துவிடும். விலை பாதியாகக்கூட விழும். மங்கலான பழைய பூச்சுக்குத்தான் மவுசு. இது நம்ம ஆட்களுக்குப் புரிய வைக்கவே முடியாத சங்கதி.

காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. இருட்டறையில் சின்ன பல்பை ஒயரோடு குழாய்க்குள் இறக்குங்கள். மூடிய கீ-யின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் அங்கே காற்றும் கசியும். கழுத்துக் குழாய் பழையதுதானா, கீழ்ப்பக்கம் வளைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கழுத்து மாறியிருந்தால் விலை இறங்கும். பெட்டி மூலையில் கிடக்கும் மவுத்பீஸை "ரப்பர்தானே" என்று தூக்கிப் போடாதீர்கள். 'ஓட்டோ லிங்க்' போன்ற பழைய மவுத்பீஸ் சிலது தனியாகவே நல்ல விலைக்குப் போகும்.

பிளாஸ்டிக்குக்கு 93,500 பவுன்!

பவுன் என்றால் தங்கப் பவுன் இல்லை, இங்கிலாந்துப் பணம். 'கிராஃப்டன்' என்ற பிளாஸ்டிக் ஆல்டோ அது. ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் 1953-ல் டொரண்டோவில் மாஸி ஹால் கச்சேரியில் வாசித்தது. 1994-ல் லண்டன் கிறிஸ்டி ஏலத்தில் அந்த விலைக்குப் போனது. வாங்கியது பார்க்கரின் சொந்த ஊரான கான்சாஸ் சிட்டி. அங்கே ஜாஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அதே 1994-ல்தான் 'டூயட்' படம் மூலம் கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோன் நம்ம ஊர் டீக்கடை வரை வந்தது. நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளையான அவர் இந்த வாத்தியத்தின் மேல் ஆசை வைத்ததே மைசூர் அரண்மனை பேண்டில் அதைக் கேட்டுத்தான்.

யார் வாசித்தது என்பதற்கும் விலை உண்டு. ஆனால் வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வாத்தியத்தை எடுத்த பிறகு பெட்டியின் துணியைத் தூக்கிப் பாருங்கள். பழைய ரசீதோ, தாத்தா பேண்டு டிரஸ்ஸில் நிற்கும் போட்டோவோ அடியில் ஒட்டிக் கிடக்கலாம்.