ஓட்டுப் போடுவது இரத்தத்திலா இருக்கிறது?

"நம்ம குடும்பத்துக்கு அரசியல் இரத்தத்துலயே கிடையாதுடா." என் அப்பா அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. ஐம்பது வயதைத் தாண்டியும் அவர் வாக்காளராகப் பதிந்துகொண்டதில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் நானும் அதை நம்பினேன். இடைநிலைப்பள்ளியில் மரபணுவைப் பற்றிப் படித்தபோதுதான் கேள்வி பிறந்தது. அப்பா சொல்வது அறிவியலா, சாக்கா?

ஆய்வாளர்கள் இதற்கு விடை தேடி இரட்டையர்களிடம் சென்றார்கள். ஒருகரு இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இருகரு இரட்டையர் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். இருவகையினரும் ஒரே வீட்டில் வளர்பவர்கள். ஆகவே, ஒருகரு இரட்டையரின் கருத்துகள் கூடுதலாக ஒத்துப்போனால், அதற்கு மரபணு காரணமாகலாம் என்பது கணக்கு.

2005-இல் ஆல்ஃபோர்ட், ஃபங்க், ஹிப்பிங் ஆகிய மூவர் அமெரிக்க இரட்டையரை ஆராய்ந்தனர். அரசியல் மனப்பான்மை வேறுபாடுகளில் சுமார் 40 விழுக்காட்டுக்கு மரபணு வேறுபாடு காரணம் என்றனர். ஆனால், எந்தக் கட்சி என்பதில் மரபணுவின் பங்கு மிகக் குறைவு. வளர்ப்பே ஓங்கி நின்றது. 2008-இல் ஃபவுலரும் டாவ்ஸும் இரண்டு மரபணுக்களை வாக்களிப்போடு தொடர்புபடுத்தினர். 2012-இல் சார்னியும் இங்கிலிஷும் அதைக் கடுமையாக மறுத்தனர். ஒருகரு இரட்டையரை உலகம் ஒரே மாதிரி நடத்துவதும் ஒற்றுமைக்குக் காரணமாகலாமே என்ற ஐயமும் தொடர்கிறது.

நண்பர்களே, 40 விழுக்காடு என்பதைத் தவறாகப் படிக்கக்கூடாது. என் கருத்தில் 40 பங்கு பிறவியில் வந்தது என்று அதற்குப் பொருளில்லை. ஒரு சமூகத்திற்குள் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைத்தான் அது அளக்கிறது. சூழல் மாறினால் எண்ணும் மாறும். "இந்த இனத்தவர் பிறவியிலேயே இப்படித்தான்" என்று பேசுவோருக்கு இதில் ஆதாரமே இல்லை. பல இனம் வாழும் நம் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2021 டிசம்பர் 15 முதல் மலேசியாவில் வாக்களிக்கும் வயது 18 ஆனது. வாக்காளர் பதிவும் தானியங்கியானது. 2022 நவம்பர் 19, பொதுத்தேர்தல். நான் படித்த தமிழ்ப்பள்ளியிலேயே அப்பாவும் நானும் முதன்முறையாக வாக்களித்தோம். வயதுப்படி அவருக்கு ஒரு வரிசை, எனக்கு வேறொன்று. வெளியே வந்தவர் மை பூசிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவர் கதை ஆய்வாகாதுதான். ஆனால், அப்பாவின் மரபணு அன்று மாறவில்லை, மாறியது சட்டம். "இரத்தத்தில் இல்லை" என்ற பேச்சை இப்போது அவர் எடுப்பதில்லை.