அங்காடிக்குள் ஓர் அட்டில்

அங்காடி என்னுஞ் சொல் தமிழில் மிகப் பழையது. பகலிற் கூடுவது நாளங்காடி, இரவிற் கூடுவது அல்லங்காடி என மதுரைக்காஞ்சி வேறுபடுத்திக் கூறும். கடை என்னுஞ் சொல்லோ கடல் கடந்து மலாய் மொழியிற் புகுந்து இன்றும் 'கெடை' என வழங்குகின்றது. சந்தைக்குரிய 'பசார்' அம்மொழிக்குப் பாரசீகம் தந்தது. இவ்விரு சொற்களும் ஒருங்கே வாழும் சிங்கப்பூரிலே, சந்தை என்பதே பெயராகவுள்ள ஐரோப்பிய உணவகமொன்றைச் சில ஆண்டுகளின் முன் காண நேர்ந்தது.

ஓர்ச்சட் வீதியை அடுத்த 313 சொமர்செற் என்னும் பேரங்காடியில் இருந்த அவ்வுணவகத்தின் பெயர் மார்ஷே. பிரெஞ்சு மொழியில் அதற்குச் சந்தை என்பதே பொருள். சூரிச் நகரில் 1948இல் ஊலி பிராகர் தொடங்கிய மூவன்பிக் நிறுவனத்தின் வழிவந்தது இது. வாசலில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருவர். அடுப்படிதோறும் சென்று, கண்முன்னே சமைப்பதைக் கேட்டுப் பெறல் வேண்டும். பெற்றது அட்டையிற் பதியும், பணம் வெளியேறும்போதுதான். பேரம் பேசாத சந்தை, பரிமாறுவார் இல்லாத பந்தி!

என்னை அழைத்துச் சென்றவர் என் பழைய மாணவர். விருந்தினன் கையிலே கணக்கட்டை இருக்குமாயின் விருந்தோம்பல் என்னாவது? விலைப் பலகைகளைப் பார்த்தவாறே நான் பழச்சாறு ஒன்றோடு அமைய எண்ணினேன். அவர் அதனை உணர்ந்தார் போலும். "ஐயா, அதை இங்கே தாருங்கோ" என்று என் அட்டையை வாங்கித் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். அதன்பின் அவரின்றி ஓர் அடுப்படியிலும் நான் எதனையும் பெற முடியாத நிலை. முறை அவர்களுடையது, அதற்குள்ளும் நம் பிள்ளை விருந்துக்கு வழி கண்டுவிட்டான் என்று மகிழ்ந்தேன்.

புலால் உண்ணாத எனக்கு வாய்த்தது 'ரோஸ்ரி'. உருளைக்கிழங்கைத் துருவி, வெண்ணெயிலே அடைபோல் வார்த்து, இருபுறமும் பொன்னிறமாகச் சிவக்க விடுவர். ஓரம் மொறுமொறுப்பு, நடு மென்மை. பேர்ண் நாட்டுப்புற உழவரின் காலையுணவு இது. தமிழாசிரியன் நாவுக்கு உப்புஞ் சற்றுக் குறைவே. எனினும் இதன் பெயருக்குள் ஒரு வரலாறு கிடக்கின்றது.

சுவிற்சர்லாந்தில் ஜேர்மன் பேசுவோர்க்கும் பிரெஞ்சு பேசுவோர்க்கும் இடையிலுள்ள எல்லையை 'ரோஸ்ரி அகழ்' என்று வேடிக்கையாகச் சொல்வர். வேடிக்கையெனினும் வேற்றுமை மெய். 1992இல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்திற் சேர்வதா என மக்களைக் கேட்டபோது, பிரெஞ்சு மொழி மாநிலங்கள் ஆம் என்றன. ஜேர்மன் மொழி மாநிலங்களிற் பெரும்பாலானவை இல்லை என்றன. அதே நாட்டு மக்கள்தாம், 1938இல், நூற்றுக்கு ஒருவர் அளவினரே பேசிய ரொமான்ஷ் மொழியை நான்காவது தேசிய மொழியாக வாக்களித்து ஏற்றவர்கள். 1956ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தின் நிழலிலே பிறந்து வளர்ந்த எம்போன்றோர்க்கு இச்செய்தி எளிதிற் கடந்து செல்லக்கூடியதன்று. மொழிப் பிணக்கை ஒரு கிழங்குப் பொரியலின் பெயரால் அழைத்து நகைக்க வேண்டுமாயின், முதலில் எவர் மொழிக்கும் இடமில்லாமற் போகாது என்ற உறுதி வேண்டும். அது இருந்தாலன்றோ நகை பிறக்கும்!

ஜேர்மன் மொழி வழங்கும் சூரிச்சிலே தோன்றியவர்கள் தம் சந்தைக்குப் பிரெஞ்சுப் பெயர் சூட்டியதும் அவ்வகழைத் தாண்டிய செயலே. இதனை மாணவர்க்கு விரித்துரைக்கத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் எழுந்து, இரண்டு அட்டைகளோடும், எனக்கு இன்னொரு ரோஸ்ரி வாங்கச் சென்றுவிட்டார்.