ஆவிக்கும் ஓர் ஊர் வேண்டும்

தமிழில் அமானுஷ்யக் காதல் கதைகளுக்கு வாசகர் பஞ்சம் இருந்ததே இல்லை. வார இதழ்த் தொடர், மாத நாவல், தொலைக்காட்சித் தொடர், இப்போது கைபேசிச் செயலி என்று கதை வந்து சேரும் வழிதான் மாறியிருக்கிறது. முன்ஜென்மக் காதலனும், சாபம் பெற்ற இளவரசியும், நூற்றாண்டுகளாகக் காத்திருக்கும் ஆவியும் அப்படியே இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு ஊர் இல்லை. முன்னொரு காலத்துச் சோழ அரண்மனை ஒன்றில் கதை தொடங்கும். அது எந்த ஆற்றங்கரையில் இருந்தது, எந்த அரசன் காலத்தது, அங்கே விளக்கேற்றியவர் யார் என்று கேட்டால் விடை கிடைக்காது. வரலாறு கதாநாயகிக்குப் பட்டும் நகையுமாக அணிவிக்கப்படுகிறதே தவிர, கதையைத் தாங்கி நிற்பதில்லை. இந்த வகைக் கதைக்குப் பழைய வரலாறும் தொன்மமும் தேவைப்படுவது முதலில் கட்டுப்பாட்டுக்காகத்தான் என்பது என் வாதம். எதுவும் நடக்கலாம் என்ற உலகில் காதலர்களுக்கு ஆபத்து இல்லை. ஆபத்து இல்லையென்றால் கதையும் இல்லை. ஆவி எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதை ஒரு மண்ணின் நினைவு தீர்மானிக்கும்போதுதான் வாசகர் அதை நம்பி அஞ்சுகிறார், அதற்காக அழவும் செய்கிறார். அந்தக் கட்டுப்பாட்டைக் கேட்காமலே தரக்கூடிய மண், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண்.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தை எடுத்துக்கொள்வோம். கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்குப் பின் முதலாம் ராஜேந்திரன் அமைத்த இந்தத் தலைநகர், சோழர் ஆட்சி முடிந்த 1279 வரை ஏறக்குறைய 250 ஆண்டுகள் அரசிருக்கையாக இருந்தது. இன்று அங்கே உலகப் பாரம்பரியச் சின்னமான பெரிய கோயில் நிற்கிறது, அரண்மனை நிற்கவில்லை. அது இருந்த மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களிலும், பிறகு 2021 முதலும் நடத்திய அகழாய்வுகளில் செங்கல் சுவர்களின் அடிப்பகுதிகளும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், கண்ணாடி வளையல் துண்டுகளும், சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. சினிமா அரங்கத்தின் பளிங்கு மாடத்தில் வெண்ணிற ஆடையோடு உலவும் இளவரசிக்கு இங்கே இடம் கிடையாது. அதற்குப் பதிலாக, ஓட்டுக்கூரையில் மழை விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்த ஒருத்தி, கடல் கடந்து வந்த பீங்கான் கிண்ணத்தில் கை வைத்த ஒருத்தி, உடைந்த கண்ணாடி வளையலுக்கு உரியவள் ஒருத்தி கிடைக்கிறாள். இன்னொரு செய்தியும் உண்டு. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது, இந்தக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் உடைத்துக் கற்களை அந்தக் கட்டுமானத்துக்குக் கொண்டுபோனார்கள். நம் நாட்டு நம்பிக்கையில் ஆவிக்கும் காவல் தெய்வத்துக்கும் எல்லை உண்டு. எல்லைச் சுவரே பெயர்த்தெடுக்கப்பட்டு ஆற்றுக்குள் போய்விட்டால், அந்தச் சுவருக்குள் கட்டுண்டிருந்த ஆவியின் எல்லை எது? அவள் விடுதலையானாளா, அல்லது அணையில் போய்ச் சிக்கிக்கொண்டாளா? எந்தக் கற்பனையும் தானாக எட்டியிருக்க முடியாத இந்தக் கேள்வியை ஒரு வரலாற்றுச் செய்தி நம் கையில் வைக்கிறது.

காதலுக்கும் இதே போன்ற சான்றுகள் உள்ளன. ராஜேந்திரனின் அணுக்கியான, அதாவது நெருங்கிய துணைவியான பரவை நங்கை, திருவாரூர்க் கோயிலுக்குப் பொன்னும் செம்பும் வாரி வழங்கியவர். அரசனும் அவரும் சேர்ந்து நின்ற இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதை அந்தக் கோயிலின் கல்வெட்டு குறிப்பிடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து நின்ற இடத்துக்கு விளக்கு வைத்த ஒரு காலத்தை விட்டுவிட்டு, காதல் சின்னத்துக்காக வேற்று நாட்டுக் கதைகளில் தேட வேண்டியதில்லை. அதே அரசனின் மரணத்தோடு இன்னொரு பெண்ணின் பெயரும் வருகிறது. அவனுடைய தேவியரில் ஒருவரான வீரமாதேவி அவனோடு உயிர் நீத்ததையும், படைத்தலைவனாக இருந்த அவள் சகோதரன் அவள் நினைவாகத் தண்ணீர்ப் பந்தல் வைத்ததையும் செய்யாற்றுப் பகுதியைச் சேர்ந்த பிரம்மதேசத்துக் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. அவள் விரும்பித்தான் போனாளா என்பது அதில் இல்லை. தண்ணீர்ப் பந்தல் வைத்தவன் எந்த மனநிலையில் வைத்தான் என்பதும் இல்லை. எழுத்தாளனுக்கு உரிய இடம் அந்த மௌனம்தான். கல்வெட்டு பேசுகிற வரைக்கும் அவன் அதற்குக் கட்டுப்பட்டிருந்தால், அது பேச மறுக்கிற இடத்தில் அவன் சொல்வதற்கு ஒரு நியாயம் பிறக்கிறது.

வரலாறு காலத்தையும் இடத்தையும் தருகிறதென்றால், தொன்மம் விதிகளைத் தருகிறது. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் வழக்கமான வழிபாடு வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய இரண்டு நாள்களில்தான். அந்த ஊரில் வழங்கும் கதைப்படி, முதலில் அங்கே இருந்தவள் செல்லியம்மன். ஒரு மந்திரவாதி தன் மந்திர பலத்தால் அவளை அடக்கி ஆட்டிப்படைத்தான். மதுரையை எரித்த சினம் தணியாமல் வந்த காளி அங்கே தங்க இடம் கேட்டாள். வந்தவள் அந்த மந்திரவாதியை அழித்தாள். செல்லியம்மன் தன் இடத்தை அவளுக்கே விட்டுக்கொடுத்துப் பெரியசாமி மலைக்குப் போனாள். மதுரகாளியைக் கண்ணகியாகவே காண்பவர்களும் உண்டு. இந்தச் சிறிய கதைக்குள் எத்தனை விதிகள் இருக்கின்றன என்று பாருங்கள். தெய்வத்தையும் மந்திரம் கட்டும். கட்டை அவிழ்க்க வெளியிலிருந்து ஒருத்தி வர வேண்டும். வருகிறவள் தன் துயரத்தோடுதான் வருவாள். உதவிக்குக் கைம்மாறு உண்டு. அந்தக் கைம்மாறு ஒருவரின் இருப்பிடமாகவே இருக்கலாம். அமானுஷ்ய நாவல் ஒன்றுக்குத் தேவையான ஒழுங்கு முழுவதும் இதில் இருக்கிறது. ரத்தம் குடிக்கும் பிரபுவையும் நிலவு கண்டு ஓநாயாகும் இளைஞனையும் இரவல் வாங்கி வரும்போது, அவர்களுடைய விதிகளும் சேர்ந்தே வருகின்றன. சிலுவைக்கு அஞ்சுவதும் வெள்ளித் தோட்டாவுக்கு வீழ்வதும் வேறொரு மண்ணின் பயங்கள். அந்தப் பயங்கள் இங்கே பொருளற்றுப் போவதால்தான் அத்தகைய கதைகள் நம் ஊர்ப்பெயர்களைச் சூடிக்கொண்டும் ஒட்டாமல் நிற்கின்றன.

இது புதிய ஆலோசனையும் அல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் சோழ இளவரசன் உதயகுமரன் மணிமேகலையை விரும்புகிறான். முற்பிறவியில் அவன் இராகுலன், அவள் அவன் மனைவி இலக்குமி. அவனிடமிருந்து விலக அவள் காயசண்டிகையின் வடிவம் கொள்கிறாள். மனைவி காயசண்டிகையைத் தேடி வந்த விஞ்சையன் காஞ்சனன், தன் மனைவியை அடைய வந்தவன் என்று எண்ணி உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். பிறவி தாண்டிய காதல், உருமாற்றம், வானுலகவன் ஒருவனின் பொறாமை என்று இன்றைய அமானுஷ்யக் காதலின் கூறுகள் எல்லாம் அதில் உண்டு. சாபத்தால் காயசண்டிகைக்கு வந்த யானைத்தீ என்னும் தீராப் பசிக்குப் பன்னிரண்டு ஆண்டு என்ற எல்லையும் உண்டு. எல்லை இருப்பதால்தான் காஞ்சனன் அந்த நேரத்தில் வருகிறான், கொலையும் நடக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கனைப் பாடிய செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி இன்னும் நெருக்கமான முன்னோடி. ஊடிக் கதவடைத்த பெண்களைக் கதவு திறக்க அழைக்கும் காதல் பகுதியோடு தொடங்கி, காடும் காளி கோயிலும் பசித்த பேய்களுமாக அது விரிகிறது. சோழர் பரம்பரையும் கருணாகரத் தொண்டைமான் நடத்திய கலிங்கப் போரும் காளியின் அவையில்தான் சொல்லப்படுகின்றன. வரலாற்றைப் பேய்கள் கேட்க, காதல் வாசலில் நிற்கும் இந்த அமைப்பை ஒரு பெரும்புலவர் அரசவைக்காகவே செய்திருக்கும்போது, இந்த வகை மலிவானது என்று ஒதுக்குவதற்கு நம் இலக்கியம் இடம் தரவில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். கதை வரலாற்றைக் கெடுத்துவிடும் என்பார்கள். 1950-இல் கல்கி இதழில் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்குப் பிறகு, அரியலூர் மாவட்டத்துப் பழுவூர் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது நந்தினிதான். அவள் கல்கியின் கற்பனை. பழுவேட்டரையர்களோ சோழரோடு மணவுறவு கொண்ட உண்மையான குறுநில மன்னர்கள். கீழப்பழுவூரிலும் மேலப்பழுவூரிலும் அவர்கள் காலத்துக் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. கற்பனைப் பெண் உண்மையான மனிதர்களை மறைத்துவிட்டாள் என்ற குறை நியாயமானது. ஆனால் அந்தக் கோயில்களைத் தேடிப் போகும் ஆர்வத்தை எத்தனையோ வாசகர்களுக்குத் தந்ததும் அதே நாவல்தான். மேலும், வழக்கமான சரித்திர நாவல் தன்னை உண்மை போலவே காட்டிக்கொள்கிறது. அமானுஷ்யக் கதை ஆவியை அறிமுகப்படுத்தும் முதல் பக்கத்திலேயே தான் கற்பனை என்று ஒப்புக்கொள்கிறது. ஆகவே மயக்கம் இதில் குறைவு. எழுத்தாளர் செய்ய வேண்டியது, எது கல்வெட்டில் உள்ளது, எது தான் சேர்த்தது என்பதை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி வைப்பது. ஆண்டுகளையும் உறவுமுறைகளையும் தன் வசதிக்காக மாற்றாமல் இருப்பதும் அந்தக் கடமையில் சேரும்.

அடுத்த மறுப்பு இன்னும் ஆழமானது. மதுரகாளியும் பெரியசாமி மலைத் தெய்வமான பெரியசாமியும் அருங்காட்சியகப் பொருள்கள் அல்லர். இன்றும் குலதெய்வமாக வணங்கப்படுகிறவர்கள். 2021-இல் பெரியசாமி மலையில் சுடுமண் சிலைகள் உடைக்கப்பட்டபோது அந்த ஊர் மக்கள் அடைந்த வேதனை, அவை வெறும் கலைப்பொருள்கள் இல்லை என்பதைக் காட்டியது. அத்தகைய தெய்வத்தைக் காதல் கதைக்குக் கதாநாயகி ஆக்குவது தவறு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் தெய்வத்தை எடுத்துக்கொள்வதும், அத்தெய்வக் கதை கற்றுத்தரும் அறத்தை எடுத்துக்கொள்வதும் வேறு வேறு. அடைக்கலம், கட்டு, கைம்மாறு, இடம் விட்டுப் போதல் ஆகியவற்றைக் கொண்டு மனிதர்களின் கதையைச் சொல்லலாம். தெய்வம் கதையின் எல்லையில் காவலாக நிற்கட்டும். ஊர் மக்கள் படித்தால் தங்கள் நம்பிக்கை மதிக்கப்பட்டிருக்கிறது என்று உணரும் அளவுக்கு அந்த எல்லை காக்கப்பட வேண்டும்.

அரசர்களைப் போற்றி, போரையும் உடன்கட்டையையும் காதலாக்கிவிடும் என்ற மூன்றாவது மறுப்புக்குச் சரியான விடை, ஆவியை யாருடையது ஆக்குகிறோம் என்பதில் இருக்கிறது. வென்ற அரசனுக்கு மெய்க்கீர்த்தி இருக்கிறது. அவன் திரும்பி வந்து சொல்ல வேண்டியது அதிகமில்லை. சோழர் கலிங்கத்திலிருந்து கொண்டுவந்த சிலைகள் அரியலூர் மாவட்டத்துச் செங்கமேட்டில் இருக்கின்றன. கற்சிலைகளே நாடு கடத்தப்பட்டன என்றால், அந்தப் படைகளோடு வந்த மனிதர்கள் எத்தனை பேர்? தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்கள் என்னும் 400 கோயில் பணிப் பெண்களின் பெயர்கள் கல்வெட்டில் வீட்டு வரிசையோடு உள்ளன. அவர்கள் விட்டுவந்த ஊரில் யாரை நேசித்தார்கள் என்பது இல்லை. சொல்லப்படாமல் போன ஆசையே திரும்பி வரும் என்பதுதான் ஆவி பற்றிய நம் பழைய நம்பிக்கையின் சாரம். அப்படியானால் இத்தகையவர்கள்தான் திரும்பி வர உரிமை உள்ளவர்கள். வீரமாதேவியை எழுதுகிறவர் அவளுடைய மரணத்தைத் தியாகமாகப் பாடாமல், அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டால், இந்த வகைக் கதை அரசப் பெருமைக்கு எதிர்ச்சாட்சியாகவே நிற்கும்.

எல்லாம் சோழரோடு முடிந்துவிடுகிறது என்றும் எண்ண வேண்டாம். 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரப் பகுதியும் ரஞ்சன்குடிக் கோட்டையும் இதே வட்டாரத்தில் உள்ளன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்லாகிப்போன மரம், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. இவ்வளவு கையிருப்பு இருந்தும் ஊரற்ற ஆவிகளையே எழுதுவது நம் எழுத்தின் சோம்பல். அது வாசகருக்கு இழைக்கும் குறையும்கூட. எழுத வருகிறவர் முதலில் மாளிகைமேட்டுக்குப் போகட்டும், கல்வெட்டுத் தொகுதிகளைப் படிக்கட்டும், சிறுவாச்சூரில் கதை சொல்லும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கட்டும். அங்கே கிடைக்கும் எல்லைகளை ஏற்றுக்கொண்டு எழுதப்படும் காதல், இந்த மண்ணில் வாழ்ந்து பெயரின்றி மறைந்தவர்களுக்கு இலக்கியம் செலுத்தும் கடனாக இருக்கும்.