தங்காள் அழுதால் ஊர் அழும்!

உங்கள் வீட்டில் கல்லூரி போகும் பெண் இருக்கிறாளா? இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கிதாரும் கையுமாக யாரோ ஒருவன் தானே எழுதிப் பாடிய சோகப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "அழுகிற பாட்டில் என்னடி சுகம்?" என்று நீங்கள் அதட்டியும் இருப்பீர்கள்.

கொங்கு நாட்டுப் பாட்டிமார் அதட்டமாட்டார்கள்!

அந்தியூர் என்றதும் பலருக்கு ஆடி மாதக் குதிரைச் சந்தைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தியூர் முதல் காங்கேயம் வரை, அந்தச் சீமை மனசில் ஊறியிருப்பது அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் கதையை உடுக்கடித்து 18 இரவு பாடுவது வழக்கம். காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் 1965-ல் பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் அதை ஒலிப்பதிவு செய்தார்.

அண்ணன்மார் மாண்டுபோவார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். இருந்தும், தங்கை தங்காள் அவர்களைத் தேடிப் படுகளம் வரும் கட்டம் இருக்கிறதே! பாடகர் உடுக்கின் இடைக் கயிற்றை அழுத்தி அழுத்தி விடுவார். தொண்டை அடைத்தவள் விம்முவது போல ஒலி ஏறி இறங்கும். கதைதான் பழசு, சொற்களை அந்த இரவுக்கென்று அவரே கட்டுவார்.

பெண்கள் அழுவது தங்காளுக்காக மட்டுமா? இழவு வீட்டில் ஒப்பாரி வைப்பவள் தன் கதையையும் சேர்த்துக்கொள்வது உங்களுக்குத் தெரியாததா, என்ன! வீட்டில் மருமகள் கண் கலங்கினால் மாமியார் காரணம் கேட்பாள். அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். மாமியாரும் பக்கத்தில் அழுதுகொண்டுதான் இருப்பாள்.

விடிந்ததும் முகம் கழுவிப் பால் கறக்கப் போய்விடுவார்கள். இரவானால், பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி வந்துவிடுவார்கள்.